தாரணி சரிபார்த்தது

குறிப்புகளை வெறும் எழுத்துக் கோப்பில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அழகழகான செயலிகளில் வைத்தால், அந்தக் கம்பெனி கடையை மூடும் நாளில் நம் ஞாபகமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் அலுவலகங்களில், எல்லோருடைய கடவுச்சொல்லும் விசைப்பலகைக்கு அடியில் ஒரு மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ‘எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று கேட்கும் செயலியை எழுதியவனுக்கு ஒருநாளும் சரியாகப் பசித்ததில்லை. இப்படி என்னிடம் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ‘மௌலியின் கருவிப்பெட்டி’ என்ற பெயரில் பதினோரு வருடங்களாக வாரம் தவறாமல் இணையத்தில் எழுதி வந்தேன். ஐநூற்று எழுபத்திரண்டு கட்டுரைகள். படித்தவர்கள் இரண்டாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல்.

இவ்வளவும் எழுதிய என்னை விட்டுவிட்டு, ஒரு வரிகூட எழுதாத தாரணியைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. வயிறு எரிந்தது.

எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பீளமேட்டில் இருக்கும் இசைவு ஆய்வகம் ஒரு மணிக்கட்டுப் பட்டையைக் கண்டுபிடித்தது. மென்பொருளோடு மல்லுக்கட்டும்போது நமக்கு எரிச்சல் வருகிறதல்லவா, அதை அந்தப் பட்டை அளக்கும். எரிச்சல் வந்தால் கோடு மேலே ஏறும். அந்த நொடியில் திரையில் என்ன இருந்ததோ அதுதான் குற்றவாளி. நூறு தடவை ஒரே குற்றவாளி அகப்பட்டால் மென்பொருள் தானாகவே அதைத் தூக்கிவிட்டு, வேறு மாதிரி தன்னை எழுதிக்கொள்ளும். பஸ் டிக்கெட், மின்கட்டணம், ஆஸ்பத்திரி டோக்கன், மாத்திரை நினைவூட்டி என்று எல்லாமே இப்படித் திருந்தப்போகிறது என்றார்கள்.

ஆனால் யாருடைய எரிச்சலை வைத்துத் திருத்துவது? எல்லோருடையதையும் கூட்டிச் சராசரி எடுத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. “எல்லாருக்கும் ஒத்துக்கற மாதிரி சமைச்சா கடைசில ஆஸ்பத்திரிக் கஞ்சிதான் வரும், மௌலி சார்” என்றார் ஆய்வகத் தலைவர் டாக்டர் ஃபர்ஹானா. அதனால் ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, அவரைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள். மூலப் பயனர் என்று அதற்குப் பெயர். கோவையிலிருந்து முந்நூறு புரோகிராமர்கள் ஆறு மாதம் பட்டை கட்டினோம். எங்கள் சரவணம்பட்டி அலுவலகத்திலிருந்து நானும் தாரணியும்.

அந்த இடம் எனக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தேன். வேறு யாருக்கு இருக்கிறது தகுதி? முடிவு வந்த அன்று நேரே போய் ஃபர்ஹானாவைக் கேட்டேன்.

அவர் என் கோட்டைத் திரையில் காட்டினார். ஆறு மாதமும் உச்சியிலேயே நிற்பதாகத்தான் தெரிந்தது.

“உங்களுக்கு எதப் பாத்தாலும் எரிச்சல் வருது சார். காலைல கம்ப்யூட்டரத் தொறக்கறப்ப ஏறுது, சாயங்காலம் மூடறப்பவும் அங்கயேதான் இருக்கு. இதுல இருந்து மெஷின் என்னத்தக் கத்துக்கும்?”

“தாரணிகிட்ட என்ன கத்துக்கும்?”

அவளுடைய கோட்டைக் காட்டினார். அசையாமல் கிடந்த கோட்டில் அங்கங்கே ஊசி ஊசியாகச் சிகரங்கள். “பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு! எது புடிக்கலைன்னு பளிச்சுன்னு தெரியுது.”

தாரணிக்கு முப்பத்திரண்டு வயது. பொள்ளாச்சிக்காரி. ஆறு வருடங்களாக எனக்கு ஜோடி. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினிதான். ஒருவர் நிரல் எழுதுவார், மற்றவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வழி சொல்வார். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். தப்புகள் குறையும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பெரும்பாலும் அவள் எழுதுவாள், நான் வழி சொல்வேன். அவள் அதிகம் பேசமாட்டாள். “சரிங்ணா” என்பாள். அந்த ஆறு வருடத்தில் மென்பொருள் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து ஆய்வகத்துக்குப் போன நாளில்கூட, “வர்றேங்ணா. ஒடம்பப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அந்த அடக்கமும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காந்திபுரத்தில் பஸ்களின் பின்புறமெல்லாம் அவள் முகம். எந்தச் செயலியைத் திறந்தாலும் கீழே ‘தாரணி சரிபார்த்தது’ என்று சின்னதாக ஒரு முத்திரை. மூன்றரைக் கோடிப் பேர் அவளுக்கு எது எரிச்சலோ அது இல்லாத மென்பொருளை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். என் மனைவி சுகன்யாவே ஒருநாள், “ஏனுங்க, நம்ம தாரணி வந்ததுக்கப்புறம் எல்லாமே சட்டு சட்டுன்னு ஆகுதுங்க” என்றாள். நான் காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சட்டுச் சட்டென்று ஆனது உண்மைதான். தானாக ஓடும் வீடியோக்கள் ஒழிந்தன. சிவப்பு வட்டத்தில் எண்ணிக்கை காட்டிப் பதற வைக்கும் அறிவிப்புகள் ஒழிந்தன. இவை இரண்டையும் ஒழிக்க வேண்டும் என்று எண்பத்தெட்டாம் கட்டுரையில் நான் எழுதியிருக்கிறேன். அவளிடம் வாய் வலிக்கச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நல்லவையும் போயின. சின்ன எழுத்தில் வரும் விளக்கக் குறிப்புகள் போயின. எல்லாவற்றையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் அமைப்புகள் பக்கம் போனது. ‘உறுதியாகவா?’ என்று கேட்டுவிட்டு ஒரு வேலையைச் செய்யும் பெட்டி போனது. நான் கணக்குப் போட்டேன்: கெட்டது போனதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது, நல்லது போனதெல்லாம் அவளுடைய அறியாமை. பொறாமைக்காரன் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆனி மாதத்தில் என் மாமனார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ரத்த அழுத்த மாத்திரையை ஒரே காலையில் இரண்டு முறை போட்டிருக்கிறார். முதல் முறை போட்டதை மறந்துவிட்டார். முன்பெல்லாம் மாத்திரைச் செயலியில் இரண்டாம் தடவை தொட்டால், ‘இன்றைக்கு ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள். உறுதியாகவா?’ என்று கேட்கும். இப்போது அது எதையும் கேட்பதில்லை. தொட்டதும் ‘சரி’ என்று பச்சையாகி, தாரணி சரிபார்த்தது என்று கீழே காட்டிவிட்டது.

“எங்கப்பா மாதிரி இன்னும் எத்தன பேரு விழுந்து கெடக்கறாங்களோ” என்று சுகன்யா ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். தாரணியை மூலப் பயனராக இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் செய்தி வந்திருந்தது. ஆட்சேபம் சொல்ல இரண்டு வாரம் அவகாசம். நான் அங்கேயே தீர்மானித்தேன். மாமனாருக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆட்சேபம் என்றால் ஆதாரம் வேண்டும். எங்கள் ஜோடி அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதிலிருந்து மென்பொருளே வேலைக் குறிப்பு தயாரித்துக்கொள்ளும். பேச்சைக் கேட்க இருவரின் கையொப்பமும் வேண்டும். ஆனால் யார் எந்த நொடியில் பேசினார்கள் என்ற நேரப்பட்டியல் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தாரணியின் கோடு இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் இருந்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன்.

விடை வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். அவளுடைய சிகரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, நான் பேச ஆரம்பித்து நான்கு நொடிக்குள் வந்திருந்தன.

அதாவது அந்த ரசனை அவளுடையதே அல்ல. நான் ஒரு கருவியின் குறையைச் சொல்லச் சொல்ல அவளுக்கு எரிச்சல் ஏறியிருக்கிறது. மூன்றரைக் கோடிப் பேர் கொண்டாடுவது என்னுடைய எரிச்சலை! அவள் வெறும் கம்பி, மின்சாரம் நான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸின் பின்னால் இருந்த அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் ஃபர்ஹானாவிடம் ஆட்சேப மனுவைக் கொடுத்து, கணக்கைக் காட்டினேன். அவர் தாரணியின் கோட்டைத் திரையில் திறந்தார்.

“சார், எங்களுக்கு ஒரு வருஷமா ஒண்ணு புரியவே இல்ல. தாரணி இங்க வந்ததுக்கப்புறம் அவங்க கோடு அசையவே மாட்டேங்குது. எவ்வளவு மோசமான மென்பொருளக் கொடுத்தாலும் சும்மா உக்காந்து வேலை செய்யறாங்க. பட்டை கெட்டுப்போச்சுன்னு மூணு பட்டை மாத்திட்டோம். அதனாலதான் இன்னமும் அந்தப் பழைய ஆறு மாசக் கணக்கையே வச்சு ஓட்டறோம்.”

“நான் பக்கத்துல இல்லல்ல, அதான்” என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

“இருக்கலாம்” என்றார் அவர். “அந்த நேரத்துல நீங்க என்ன பேசுனீங்கன்னு கேக்கணும். தாரணி இங்க சேர்ந்தப்பவே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க?”

பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்திட்டேன். என் பேச்சைக் கடைசியில் ஒரு நிபுணர் உட்கார்ந்து கேட்கப் போகிறார்.

முதல் சிகரத்தைப் போட்டார். என் குரல், தானாக ஓடும் வீடியோவைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். அடுத்தது, விளக்கக் குறிப்புகளை நான் பாராட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய விசைகளின் ஓசை நின்று நின்று கேட்டது. அடுத்தது, அமைப்புகள் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஏழு நிமிடம். பிறகு என் குரல் சொன்னது: “இந்த ‘உறுதியாகவா?’ பெட்டி இருக்குது பாரு தாரணி, மனுசன் கண்டுபுடிச்சதுலயே ரொம்ப மரியாதையான விசயம் இதுதான். ஏன்னு சொல்றேன் கேளு. சித்த நிறுத்து. கைய எடு, எடு.” அந்த இடத்தில் அவள் கோடு திரையின் மேல் விளிம்பையே முட்டியிருந்தது. அதே பேச்சை வெவ்வேறு நாட்களில் நூற்றுப் பன்னிரண்டு முறை பேசியிருந்தேன்.

“நீங்க புகழ்ந்தாலும் ஏறுது, திட்டினாலும் ஏறுது” என்றார் ஃபர்ஹானா மெதுவாக. “நாங்க திரையத்தான் பாத்தோம். பக்கத்து நாற்காலியப் பாக்கல.”

எனக்கு உடனே புரியவில்லை. அவளுக்கு எரிச்சல் வந்தது கருவியால் அல்ல, என் பேச்சால் என்று பிறகுதான் உறைத்தது. அந்தப் பெட்டியைத் தூக்கியவள் தாரணி அல்ல. என் மாமனார் விழுந்ததற்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“இன்னொண்ணும் இருக்கு. காட்டலாமான்னு தெரியல” என்று ஃபர்ஹானா தயங்கினார். “உங்க கோடு எப்பவும் உச்சியிலயே இருக்குன்னு சொன்னேன்ல, அது தப்பு. அப்ப நாங்க ஏறுறத மட்டும்தான் தேடினோம். எறங்கறதப் பாக்கல.”

என் கோட்டையும் அவள் கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டார். நாள் முழுக்க உச்சியில் நிற்கும் என் கோடு, அங்கங்கே தரைவரை இறங்கி அமைதியாகக் கிடந்தது. இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் அவளுடையது ஏறியிருந்தது. அவளிடம் நான் பேசிக்கொண்டிருந்த நேரங்கள்தான் அவை. கருவிகளின்மேல் எனக்குப் பெரிய காதல் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து கேட்டதுதான் எனக்கு வேண்டியிருந்திருக்கிறது.

ஃபர்ஹானா திரையை அணைத்தார். “மனு உங்களோடது. நீங்க திரும்ப எடுத்துக்கிட்டா, விதிப்படி இந்தப் பேச்ச நான் கேட்டதாவே ஆகாது. தாரணிக்கு அஞ்சு வருஷம் நீட்டிச்சிருவாங்க. மனு நின்னா, இந்தச் சிகரங்களையெல்லாம் கழிச்சிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிப்போம். அந்தப் பெட்டி ஒரே வாரத்துல திரும்ப வந்துரும். ஆனா அறிக்கைல காரணம் எழுதியாகணும். உங்க பேரோட.”

“தாரணிக்கு?”

“வேலை போயிரும். கழிச்சது போக அவங்க எரிச்சல்னு மிஞ்சறது ரொம்பக் கம்மி.”

யோசிக்க ஒருநாள் கேட்டேன். ஆய்வகத்து கேண்டீனில் தாரணியைப் பார்த்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

“எனக்குத் தெரியாதுங்ணா. சத்தியமாத் தெரியாது. எனக்குத்தான் டூல்ஸ் மேல இவ்வளவு கோவம்னு அவங்க சொன்னாங்க, சரி இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“ரெண்டு தடவ சொன்னேங்ணா. நான் எழுதறப்ப கொஞ்சம் பேசாம இருங்கன்னு.” அவள் கண்ணில் லேசாகச் சிரிப்பு வந்தது. “வேலை செய்யறப்ப அமைதி எவ்வளவு முக்கியம்னு அந்த வாரமே ஒரு கட்டுரை எழுதிட்டீங்க. எனக்கு அதப் படிச்சும் காட்டுனீங்க.”

“நான் சொன்னதுல தப்பு ஏதாச்சும் இருந்துதா?”

“முக்கால்வாசி சரிதாங்ணா” என்றாள். “அதுக்காக?”

அதற்கு என்னிடம் அபிப்பிராயம் எதுவும் இல்லை. மனுவைத் திரும்பப் பெற்றால் அவள் பிழைப்பாள், என் மானமும் பிழைக்கும். அதைச் சொன்னபோது அவள் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். “உங்க மாமனாரு எப்படி இருக்காரு?” என்று மட்டும் கேட்டாள். இன்னும் நடக்கவில்லை என்றேன். “அப்ப நிக்கட்டுங்ணா மனு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மனு நின்றது. மாமனாருக்காகத்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி, பஸ்களின் பின்னாலிருந்து அந்தப் படத்தைக் கிழிப்பார்கள் என்பதற்காக. அதற்காக என் பெயர் நாறினாலும் பரவாயில்லை என்று என்னில் ஒரு மூலை அப்போதும் கணக்குப் போட்டது. அறிக்கை வந்ததும் நாறத்தான் செய்தது. ‘மூன்றரைக் கோடிப் பேரை நச்சரித்தவர்’ என்று ஒரு பத்திரிகை படத்தோடு போட்டது. அந்த வாரம் கருவிப்பெட்டிக்கு நாற்பதாயிரம் பேர் புதிதாக வந்தார்கள். நான் அதற்கப்புறம் எழுதவில்லை. ‘உறுதியாகவா?’ பெட்டி திரும்பி வந்தது. மாமனார் கோலூன்றி நடக்கிறார். மாத்திரைக்கு முன் அது கேட்கும்போதெல்லாம், “ஆமாப்பா, ஆமா” என்று அதற்குப் பதில் சொல்கிறார்.

தாரணி பழையபடி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவள் வருவதற்கு முந்தின நாளே, இனிமேல் தனியாகத்தான் வேலை செய்வேன் என்று மேலாளருக்கு எழுதிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு ரினீஷ் என்ற பாலக்காட்டுக்காரனை ஜோடி போட்டிருக்கிறார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பான். நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் குறிப்பெடுக்கிறான், அதைப் பற்றி எனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன்மேல் எனக்கு வரும் பொறாமைக்கு முன்னால், அவளுடைய பதவிமேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நேற்று மத்தியானம் அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, “இதப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்க?” என்று கேட்டாள். ஆறு வருடத்தில் ஒருநாளும் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்ல ஆரம்பித்திருப்பேன்.